டெரன்ஸ் போட்ட தேதி

டெரன்ஸ் மரியதாஸ் முப்பத்தொரு வருடமாக எங்கள் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தர். அத்தனை வருடத்தில் ஒரு தேதியைக்கூட அவர் தப்பாக எழுதியதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது யாராவது அதைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆள் ஒல்லி. அரைக்கைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "செத்தவங்களைப் பாத்துக்கவே எனக்கு நேரம் பத்தல" என்பார். மந்தைவெளி மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்மணியிடம் போய், "நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஏழாவது வருஷம், ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்கக்கூடிய மனிதர். அவளுக்கு ஞாபகம் இருந்திருக்காது. வாழைக்காயைப் போட்டுவிட்டு ஃபாதரிடம் பூசைக்குச் சொல்ல ஓடுவாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சந்தின் கடைசியில் இருக்கும் சின்னத் தோட்டம் அது. இடம் கொஞ்சம், சாகிறவர்கள் அதிகம். அதனால் ஒரு குழிக்குப் பதினாலு வருடம்தான் என்று கமிட்டி விதி வைத்திருக்கிறது. கெடு முடிந்தால் குழியைத் திறந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பத்தார் வந்து சொன்னால் அவர்கள் கண்ணெதிரே திறப்பார்கள். எலும்பைத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, அவர்கள் கையிலேயே கொடுப்பார்கள். சுவரில் ஒரு மாடத்தில் வைத்துப் பெயர் எழுதி மூடிவிடலாம். யாரும் வராவிட்டால் பொதுக்குழி. கிணறு மாதிரி இருக்கும், மேலே கல் மூடி. அதில் விழுந்தது யாருடையது என்று அப்புறம் ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

யார் யாருக்குக் கெடு முடிகிறது என்பதை வாசலில் ஒரு கறுப்புப் பலகையில் எழுதிப் போடுவது டெரன்ஸின் வேலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வரியில், எல்லாவற்றுக்கும் மேலே, கடைசித் தேதியைப் பெரிதாக எழுதுவார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூட எண்ணைப் பார்த்து, "இன்னா தேதி அது?" என்று நின்று கேட்கட்டும் என்பதற்காக. டெரன்ஸுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அறிவிப்பு எழுதிய தேதியை யாரும் எழுதியதே இல்லை. அது யாருக்கு வேண்டும்?

மூன்று வருடத்துக்கு முன்பு கமிட்டிக்கு இணையதளம் வேண்டும் என்று ஆசை வந்தது. நான் ஜோன். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மாதானே இருக்கிறாய் என்று என் தலையில் கட்டினார்கள். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு அறிவிப்பையும் தனித்தனிக் கோப்பாக எழுதி ஒரு இடத்தில் போட்டால், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் அவற்றைப் படித்துப் பக்கம் பக்கமாகத் தளத்தைக் கட்டிவிடும். உடனே வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், பத்து நிமிடத்தில் கட்டிவிடும்.

டெரன்ஸுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். கோப்பின் தலையில் மூன்று சின்னக் கோடு. கொஞ்சம் கீழே இன்னொரு மூன்று கோடு. நடுவில் மூன்று வரி: டைட்டில், டேட், டிராஃப்ட். கீழே நீங்கள் எழுதுவது மனிதர்களுக்கு, மேலே எழுதுவது நிரலுக்கு என்றேன். அவர் அதைச் சிவப்புப் பேனாவில் ஒரு அட்டையில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் பூசை நேரம், வேலிக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று போட்டுவந்தார். ஒரு தப்பு இல்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டேட் என்ற வரியில் இனிமேல் வரப்போகும் தேதி இருந்தால், நிரல் அந்தப் பக்கத்தைக் கட்டாது. அந்த நாள் வரட்டும் என்று எடுத்து வைத்துக்கொள்ளும். எனக்கு அது தெரியும். ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் முன்கூட்டிப் பார்க்கிறபோது மட்டும் அப்படிப்பட்ட பக்கங்களும் தெரியும்படி நானே அமைத்திருந்தேன், கிறிஸ்துமஸ் அறிவிப்பை முன்னாலேயே சரி பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. கெட்டிக்காரத்தனம்.

போன வருடம் வாசல் சுவருக்கு வெள்ளையடித்தபோது பலகையைக் கழற்றினார்கள். பழைய ஆணி அடித்தால் சுவர் கெட்டுப்போகும், அதான் தளம் இருக்கிறதே என்று கமிட்டி செயலாளர் மேத்யூ சொல்லிவிட்டார். பலகை கழிவறைக்குப் பின்னால் போனது.

இப்போது ஜான்சி. பட்டினப்பாக்கம் குப்பத்தில் மீன் விற்கிறவள். அவள் மகன் கிஷோர் ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் போனான். அதே காய்ச்சலில் அவளும் அப்போது நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் விழித்தபோது பையனைப் புதைத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவள் கடைசியாக அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொடவில்லை. புருஷன்தான் அடக்கம் செய்தான். அலுவலகப் பதிவேட்டில் அவனுடைய போன் நம்பர்தான் இருந்தது. அடுத்த வருடம் விசைப்படகு வேலைக்கென்று கேரளா போனவன் திரும்பி வரவில்லை. மிஞ்சியது மகள் சான்ட்ரா. இப்போது இருபது வயது, தி.நகரில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள்.

பதினாலு வருடம் முடிந்தால் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள் என்று யாரோ ஜான்சிக்குச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவள் அந்த நாளுக்காகவே இருந்தாள் என்றால் மிகையில்லை. போன வருடம் முழுக்க மாதம் ஒரு முறை கூடையோடு வந்து டெரன்ஸ் மேசைக்கு எதிரே நிற்பாள்.

"சார், என் புள்ள பேரு வந்துகீதா?"

"இன்னும் இல்ல ஜான்சிம்மா. அடுத்த வருஷம்தான். நீங்க வெயில்ல அலையாதீங்க. பொண்ணு கிட்ட போன் இருக்குல்ல? எல்லாம் அதுலயே வந்துடும். அத மட்டும் பாக்கச் சொல்லுங்க."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவளும் அலைவதை விட்டாள்.

இந்த வருடம் ஜூலை பதினாலாம் தேதி டெரன்ஸ் ஐந்து குழிகளுக்கான அறிவிப்பை எழுதினார். கெடு செப்டம்பர் முப்பது. கோப்பின் தலையில் மூன்று கோடு போட்டார். டைட்டில் எழுதினார். டேட் என்ற வரிக்கு வந்தார். பலகையில் முப்பது வருடமாக எந்தத் தேதியை மேலே எழுதினாரோ அதையே எழுதினார். செப்டம்பர் முப்பது. தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார், பக்கம் அழகாக வந்திருந்தது. ஐந்து பெயரையும் ஒருமுறை விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஐந்தில் நான்கு பேர் எங்கள் கோவில் குடும்பங்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அவரே வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். வந்தார்கள், எடுத்து மாடத்தில் வைத்தார்கள். அதனால் தளத்தில் அந்தப் பக்கம் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. ஜான்சி போவது குப்பத்துக் கோவிலுக்கு. பதிவேட்டு நம்பருக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவங்கதான் போன்ல பாப்பாங்களே, கடைசி நாள் வருவாங்க என்று இருந்துவிட்டார். செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று தோன்றியதாம். முட்டி வலி, போகவில்லை. அங்கிருந்து பட்டினப்பாக்கம் இருபது நிமிட நடை. இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் வசதியைச் செய்த என்னை யார் அறைவது?

செப்டம்பர் முப்பது காலை ஆறு மணிக்குத்தான் அந்தப் பக்கமே பிறந்தது. கடை விட்டு வரும் பஸ்ஸில் தினமும் பார்ப்பது சான்ட்ராவின் பழக்கம். அன்றைக்கும் பார்த்தாள். அண்ணன் பேர் வந்திருந்தது: கிஷோர், வயது ஒன்பது, கடைசி நாள் இன்று. அவள் வீட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அலுவலகம் பூட்டி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குத் திரும்ப வந்தார்கள். ஜான்சி கையில் துவைத்து மடித்த வெள்ளைத் துணி. ஆனால் பத்து மணிக்கு ஒரு பெரியம்மாவின் அடக்கம் இருந்ததால் ஆட்கள் ஐந்தரைக்கே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழி திறந்து, துப்புரவாகி, புதுப் பெட்டிக்குத் தயாராக இருந்தது.

"என் புள்ள எங்கடா?" என்று ஜான்சி கேட்டாள். வெட்டுகிறவர் பொதுக்குழியைக் கையைக் காட்டினார். அவள் போய் அந்தக் கல் மூடிமேல் உட்கார்ந்தாள். முதலில் அழவே இல்லையாம். துணியைப் பிரித்தாள், மடித்தாள், பிரித்தாள். பிறகு தொடங்கிய அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது.

கூட்டம் சேர்ந்தது. ஒன்பது மணிக்கு மேத்யூ வந்தார். தளத்தைத் திறந்து பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலைப்புக்குக் கீழே, வெளியிட்ட நாள் செப்டம்பர் முப்பது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டெரன்ஸை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நீ என்னைக்கு எழுதின?"

"ஜூலை பதினாலு."

"அப்ப அதையே போடு. பொய்யா எழுதச் சொல்றேன்? எழுதின தேதியத்தானே போடச் சொல்றேன்."

அந்த நேரத்தில்தான் டெரன்ஸ் எனக்குப் போன் செய்தார். "மிஸ், டேட் வரியை மாத்தினா பக்கத்துலயும் மாறிடுமா?"

நான் அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டிருந்தேன். "நீங்க எழுதறதுதான் வரும். அதுக்குன்னு சொந்தமா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பத்து நிமிடத்தில் பக்கம் மாறிவிட்டது. வெளியிட்ட நாள் ஜூலை பதினாலு. அந்தக் கோப்பில் போட்டிருக்க வேண்டிய சரியான தேதியும் அதுதான். என் மாணவி யாராவது எழுதியிருந்தால் அந்த வரிக்கு முழு மார்க் கொடுத்திருப்பேன். மேத்யூ அம்மாவையும் மகளையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும்மா. ஜூலை பதினாலு. ரெண்டரை மாசமா இருக்குது. உன் பொண்ணு பாக்கலன்னா நாங்க என்ன செய்ய?"

சான்ட்ரா, "நேத்து வேற தேதி இருந்துச்சு அங்கிள்" என்றாள்.

"கெடு தேதியப் பாத்திருப்பம்மா."

"இல்ல அங்கிள். நான் டெய்லி பாத்தேன். இந்தப் பக்கமே இல்ல." அவள் டெரன்ஸைப் பார்த்தாள். டெரன்ஸ் மேசைக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஜான்சி அங்கேயே, எல்லார் முன்னாலும், மகளை அடித்தாள். இரண்டு கன்னத்திலும் அடித்தாள். யாரும் தடுக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அந்த அறைக்குள் நாலடி தூரத்தில் நின்றது.

நாலு நாள் கழித்துச் சான்ட்ரா தனியாக வந்தாள். அம்மா சாப்பிடவில்லை, அவளோடு பேசவில்லை, அவள் ஆக்கி வைத்த சோற்றைத் தொடவில்லை.

"சார், நான் பாத்தேன் சார். உங்களுக்காவது தெரியும்ல? அம்மா கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

டெரன்ஸ் சொன்னது: "நெட்டு சில சமயம் அப்படித்தாம்மா. பழைய பக்கமே காட்டும்." அவள் நன்றி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினார். நான் கோப்பின் பழைய வடிவங்களைத் திறந்து பார்த்தேன். எந்த நாள், எந்த மணிக்கு, எந்த வரி மாறியது என்று அத்தனையும் அதில் பதிவாகியிருந்தது. "இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றேன். வேலை போய்விடும் என்றார். மேத்யூ கேஸ் கீஸ் என்று பயமுறுத்துகிறார் என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தப்பு இல்லை மிஸ் என்று அழுதார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, பாவமாகவும் இருந்தது. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அக்டோபர் முழுவதும் இப்படியே போனது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எல்லாரும் அவரவர் குழிக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜான்சி தனியாக வந்து பொதுக்குழி மூடிமேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். கடற்காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது, அவள் திரும்பத் திரும்பக் கொளுத்தினாள். அதைப் பார்த்தபின் டெரன்ஸால் முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணுக்கு லீவு. நீங்களும் வாங்க மிஸ், சொல்லிடறேன்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனசில் நினைத்துக்கொண்டு கூடவே போனேன். கோப்பின் பழைய வடிவங்களை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.

குப்பத்தில் அவர்கள் வீடு ஹவுசிங் போர்டு கட்டடத்தில் மூன்றாவது மாடி. மத்தியானம் மூன்று மணி. ஜான்சி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சான்ட்ரா தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது.

டெரன்ஸ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. எந்தத் தேதியை எங்கே போட்டார், பக்கம் என்றைக்குத்தான் வெளியே வந்தது, யார் சொல்லி எதை மாற்றினார், எல்லாம். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல ஜான்சிம்மா. தப்பு என்னுது."

ஜான்சி சோற்றுக் கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"இன்னாத்துக்கு சார் நீங்க பழியத் தூக்கிக்கிறீங்க? அவளே ஒத்துக்கினா. ரெண்டு மாசமா போனத் தொறந்தே பாக்கல, மறந்துட்டேன்னு பைபிள் மேல கை வச்சி சொன்னா. ஃபாதராண்டயும் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா. நானும் மன்னிச்சிட்டேன். வயசுப் பொண்ணு, இன்னா பண்றது. எனக்குன்னு வேற யாரு கீறா?"

டெரன்ஸ் சான்ட்ராவைப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்து தாள்களை எடுத்தேன். ஜான்சிக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம்தான் நீட்டினேன். அவள் வாங்கினாள். தேதி தேதியாக, வரி வரியாக, கடைசி வரைக்கும் படித்தாள்.

"இன்னாடி எழுதிகீது? சார் சொல்றது நெசமா? நீ பாத்தியா, பாக்கலையா?"

சான்ட்ரா தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "பாக்கலம்மா. நான்தான் மறந்துட்டேன். சார் பாவம்னு சொல்றாரு."

"அதானே" என்றாள் ஜான்சி. "நல்ல மனசு சார் உங்களுக்கு. என் பொண்ணுக்கோசரம் இம்மாந்தூரம் வந்துகீறீங்க. சாப்ட்டு போங்க."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், சான்ட்ரா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் எங்களோடு கீழே இறங்கி வந்தாள். படிக்கட்டு முடிகிற இடத்தில் டெரன்ஸ் அவளிடம், "ஏம்மா? இப்பதான் நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே" என்றார்.

"அம்மா ஒழுங்கா சாப்ட ஆரம்பிச்சி ஒரு வாரம்தான் சார் ஆச்சு. நான் பொய் சொன்னதுக்கு அப்புறம்தான் சாப்டுச்சு. என்னை மன்னிச்சிடுச்சு, அதோட முடிஞ்சுபோச்சு. நீங்க சொல்றது நெசம்னு தெரிஞ்சா மறுபடி அந்தக் கல்லு மேல போய் உக்காந்துக்கும். சும்மா அடிச்சிட்டேனேன்னு அதுக்கு வேற அழும்."

"பைபிள் மேல கை வச்சியேம்மா."

"ஆமா சார். அதுக்கு முன்னாடி உங்களாண்டதான் வந்தேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அம்மா தனியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். டெரன்ஸ் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.